உடம்புக்குள் வைக்கும் கருவியும் உயிர்ச்செல்லும்: வடிவமைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்கல், பயோமெடிக்கல் படிக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் ராணிப்பேட்டைப் பக்கம் சி.என்.சி. பட்டறை வைத்திருப்பவர்கள், பல் லேபில் வேலை பார்ப்பவர்கள், எலும்புத் தகடும் திருகும் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள். நான் உயிரியல் படித்தவள். இருபது வருஷமாகச் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை. அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். அது எதற்கு இங்கே என்பது கீழே வரும். வருகிற எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டேன். எவ்வளவு தெரிந்தால் போதும்?

முழுப் பாடமும் வேண்டாம். முதலில் அளவுகளை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, உங்களுக்குப் பழகிய அலகுதான். இரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 2, 3 மைக்ரான். எலும்புச் செல்லோ நார்ச்செல்லோ ஒரு பரப்பில் படர்ந்து உட்கார்ந்தால் சில பத்து மைக்ரான் அகலம் வரும். பாக்டீரியா ஏறத்தாழ 1 மைக்ரான். செல்லை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். லேத்தில் நீங்கள் கண்ணுக்குத் தெரியாமல் விடும் டூல் கோடு ஒரு பாக்டீரியாவுக்கு வாய்க்கால்.

அடுத்தது, செல் தனியாக வாழ்வதில்லை. அதைச் சுற்றி கொலாஜன் போன்ற புரத நார்களால் ஆன ஒரு பின்னல் இருக்கிறது. செல் அந்தப் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. எவ்வளவு இறுக்கம், எந்தப் புரதம், பக்கத்தில் யார் என்பதை வைத்துத்தான் பெருகுவதா, சும்மா இருப்பதா, சாவதா என்று முடிவாகிறது. இந்த ஒன்றை உள்வாங்கிக்கொண்டால் மீதியை வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம்.

நான் வைக்கும் உலோகத்தைச் செல் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது?

உலோகத்தை அது தொடுவதே இல்லை. ஒரு டைட்டானியம் திருகு இரத்தத்தில் பட்ட சில நொடிகளில் அதன் மேல் புரதங்கள் வந்து ஒட்டிவிடும். எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் ஆல்புமின் முதலில் வந்து இடம் பிடிக்கும். அப்புறம் ஃபைப்ரினோஜன் போல இறுகப் பிடிக்கும் பெரிய புரதங்கள் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். இந்த இட மாற்றத்துக்கு அதைக் கவனித்துச் சொன்ன லியோ வ்ரோமன் பெயரால் வ்ரோமன் விளைவு என்று பெயர். செல் வந்து சேர்வது அதற்கெல்லாம் பிறகுதான். வீட்டுக்குள் வருகிறவர் கைக்குப் படுவது சுவரின் பூச்சுதானே, செங்கல் இல்லையே. அதுபோலத்தான்.

செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு இன்டெக்ரின் என்ற கைகள் வெளியே நீண்டிருக்கும். ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு துண்டைத்தான் அந்தக் கை பிடிக்கிறது என்று 1984-ல் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாட்டியும் கண்டுபிடித்தார்கள். பரப்பில் ஒட்டிய புரதம் சரியான பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால் கை பிடிக்கும். நீரை விலக்கும் பரப்பில் புரதம் பிரிந்து விரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரியும். அப்படி விரிந்த ஃபைப்ரினோஜனை அழற்சிச் செல்கள் வந்து பிடித்துக்கொள்கின்றன.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், ஒரே கம்பியில் வெட்டிய இரண்டு திருகுகள், கழுவிய விதம் வேறானால், செல்லுக்கு இரண்டு வேறு பொருள்கள். கழுவிய டைட்டானியத்தைச் சில வாரம் காற்றில் சும்மா வைத்தாலே காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படிந்து அது நீரை விலக்க ஆரம்பிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது படர்கிறதா, முத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை, தினமும் செய்யலாம்.

பாலிஷ் போட வேண்டுமா, சொரசொரப்பாக விட வேண்டுமா?

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எலும்போடு பிடிக்க வேண்டிய பக்கம் சில மைக்ரான் சொரசொரப்பு நல்லது. எலும்பு உள்ளே வளர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டுமானால் 100 முதல் 500 மைக்ரான் வரை துளைகள் வேண்டும். இரத்தம் ஓடும் பக்கமும், ஒன்றோடொன்று உரசும் பக்கமும் கண்ணாடி மாதிரி இருக்கட்டும். பல் இம்ப்ளான்ட்டில் ஈறு தாண்டி வாய்க்குள் வரும் கழுத்துப் பகுதியும் வழவழப்பாக இருக்கட்டும், சொரசொரப்பில் கிருமி குடியேறிவிடும்.

டைட்டானியம் என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்கிறார்களே?

அதன் மேல் தானாகப் படியும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம்தான் காரணம். கீறினாலும் உடனே மறுபடி படிந்துவிடும். 1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வர் பிரோனமார்க் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் ஒரு சிறு குழல் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் எலும்பு அதை விடவில்லை. 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் வேர்கள் வைத்தார்.

ஆனால் பொருள் மட்டும் நன்றாக இருந்தால் எலும்பு பிடிக்காது. முதல் சில வாரங்களில் இம்ப்ளான்ட் எவ்வளவு ஆடுகிறது என்பது அதைவிட முக்கியம். எலும்புக்கும் அதற்கும் இடையே அசைவு சுமார் 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150-ஐத் தாண்டினால் அங்கே வந்த செல்கள் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவைப் போட்டுவிடும், திருகு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்தான் இந்த வித்தியாசம். மரையின் ஆழம், நுனியின் சரிவு, டாக்டர் போடும் துளையின் விட்டம் எல்லாம் இதற்காகத்தான்.

உறுதியான உலோகம் என்றால் நல்லதுதானே?

முறியாமல் இருக்க உறுதி வேண்டும், சரி. விறைப்பு வேறு கணக்கு. எலும்பின் வெளிச்சுவருக்கு யங் மாடுலஸ், அதாவது விறைப்பின் அளவு, 15 முதல் 20 கிகாபாஸ்கல் வரை. டைட்டானியக் கலவைக்கு 110. துருப்பிடிக்காத எஃகுக்கு 200-க்குப் பக்கம், கோபால்ட்-குரோமுக்கு 210-க்கு மேல். இரண்டையும் இணையாகக் கட்டி எடை ஏற்றினால் யார் சுமப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

எலும்புக்குள் இருக்கிற செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆஸ்டியோசைட். சுண்ணமான எலும்புக்குள் புதைந்து, மெல்லிய வாய்க்கால்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நாம் ஒரு அடி எடுத்து வைக்கும்போது எலும்பு கொஞ்சம் வளைந்து அந்த வாய்க்கால்களில் திரவம் ஓடும். அந்த ஓட்டத்தை உணர்ந்துதான் அவை எலும்பு வேண்டுமென்று சொல்கின்றன. ஓட்டம் குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் விடும், எலும்பு கட்டும் வேலை குறையும். தகடு எல்லா எடையையும் வாங்கிக்கொண்டால் அடியிலுள்ள எலும்பு மெலிந்துகொண்டே போகும். சுமைக்கு ஏற்ப எலும்பு மாறும் என்று ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். அதைச் செல் எப்படிச் செய்கிறது என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

விறைப்பை உணர்வது எலும்புச் செல் மட்டுமில்லை. 2006-ல் எங்லரும் டிஷரும் கூட்டாளிகளும் ஒரே வகை மூலச்செல்லை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளை அளவு மென்மையில் அது நரம்புச் செல் பக்கம் போனது. தசை அளவில் தசைப் பக்கம். இன்னும் விறைப்பான ஜெல்லில் எலும்புப் பக்கம். உங்கள் டிராயிங்கில் மாடுலஸ் என்று ஒரு வரி இருக்கிறதே, அது செல்லுக்கு ஒரு கட்டளை.

சப்ளையர் "உயிரிணக்கமான பொருள்" என்று சர்டிபிகேட் தருகிறார். போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஜான் சார்ன்லியின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை உருவாக்கியவர். 1950-களின் கடைசியில் மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். டெஃப்லான் எதோடும் வினைபுரியாத பொருள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில வருஷங்களில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன, மூட்டுகள் ஆட ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கான பேருக்கு மறுபடியும் அறுவை செய்ய வேண்டி வந்தது. 1962 நவம்பரில் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதற்கப்புறமும், துகள் என்ன செய்கிறது என்று அறியத் தன் தொடைக்குள்ளேயே இரண்டு பொருளின் துகள்களையும் வைத்துப் பார்த்தார். டெஃப்லான் வைத்த இடம்தான் கட்டியானது.

முழுசாக இருக்கும்போது சாதுவான பொருள், துகளானால் வேறு. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லுக்கு 0.1 முதல் 10 மைக்ரான் வரையுள்ள துகள் வாய்க்கு ஏற்ற கவளம். பாக்டீரியா என்று நினைத்து விழுங்கும், செரிக்க முடியாது. முடியாத கோபத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற அபாய சமிக்ஞைகளை விட்டுக்கொண்டே இருக்கும். அது எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை எழுப்பிவிடும். கிருமியே இல்லாமல் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கரையும். மூட்டு மாற்றிய ஒருவர் வருஷத்துக்கு ஒரு காலில் ஏறத்தாழ பத்து லட்சம் அடி வைக்கிறார். நம் ஊரில் அதோடு சம்மணம் போட்டு உட்காருவார், குத்துக்கால் வைத்து உட்காருவார், கோயிலில் விழுந்து கும்பிடுவார். நாற்காலியில் உட்காரும் ஊருக்கு வரைந்த வளைவு இங்கே ஓரத்தில் உரசும்.

ஆகவே இணக்கம் என்பது பொருளின் குணமில்லை. எந்த வடிவத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நாள், எந்த அசைவோடு என்பதெல்லாம் சேர்ந்ததுதான்.

உடம்புக்குப் பிடிக்காவிட்டால் இம்ப்ளான்ட்டை வெளியே தள்ளிவிடுமா?

பெரும்பாலும் சுவர் எழுப்பும். முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வரும். சில நாளில் மேக்ரோஃபேஜ்கள். விழுங்க முடியாத அளவு பெரிதாக இருந்தால் பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றாகக் கலந்து பல கருக்களுள்ள ராட்சதச் செல்லாகி மேலே படர்ந்து உட்காரும். அப்புறம் நார்ச்செல்கள் வந்து கொலாஜன் உறை போடும். மூன்று நான்கு வாரத்தில் உறை தெளிவாகத் தெரியும்.

எலும்புத் தகடுக்கு இந்த உறையால் பெரிய நஷ்டமில்லை. சர்க்கரை அளவு பார்க்கும் சென்சாருக்கு இதுவே மரணம், ஏனென்றால் உறைக்குள் குளுக்கோஸ் வந்து சேர நேரமாகும். இன்னொன்று, ராட்சதச் செல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மூடிய இடுக்கில் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொட்டும். உடம்பின் பி.எச். 7.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் கணக்கு தப்பும். பழைய பேஸ்மேக்கர் கம்பிகளின் பாலியூரித்தேன் உறையில் விரிசல் விழுந்தது இப்படித்தான்.

தோல் பதனிடுவதற்கும் இதய வால்வுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னீர்களாமே?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பழைய வட ஆற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலை நம்பி வாழ்ந்த ஊர்கள் எத்தனை! அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய உயிர்வேதியியல் கையிலேயே இருக்கிறது, யாரும் அதைப் பெயர் சொல்லிக் கற்றுக்கொடுக்கவில்லை.

சுண்ணாம்புக் குழியில் மயிர் உதிர்ந்து, சதை வழித்து எடுத்தபின் மிஞ்சுவது கொலாஜன் வலை. மூன்று புரத இழைகள் கயிறு போல முறுக்கிய மூலக்கூறு, நீளம் சுமார் 300 நானோமீட்டர். அப்படியே விட்டால் நொதிகள் அந்தக் கயிற்றை வெட்டும், தோல் அழுகும். பதனிடுதல் என்பது கயிறுகளுக்கு இடையே பாலம் போடுவது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பாலம் போட்டன. பிறகு குரோம் உப்பு வந்தது. பச்சைத் தோல் 60, 65 டிகிரி சூட்டில் சுருங்கிவிடும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிக்கும் தண்ணீரிலும் சுருங்காது. அப்பா ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, எடுத்து, பழைய அளவோடு வைத்துப் பார்ப்பார். பாலம் சரியாக விழுந்ததா என்பதற்கு அவரிடம் இருந்த சோதனை அது. வால்வுத் திசுவையும் எந்தச் சூட்டில் சுருங்குகிறது என்று பார்த்தே இன்றும் சோதிக்கிறார்கள்.

குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனமும் தோல் பதனிடப் பயன்படுவதுதான். 1960-களின் கடைசியில் பிரான்ஸில் அலென் கார்ப்பன்டியே பன்றியின் இதய வால்வைக் குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனிதருக்கு வைக்கும் வழியைக் கொண்டுவந்தார். இன்று மாட்டின் இதய உறையிலிருந்து வெட்டித் தைக்கும் வால்வுகளும் அதே முறையில்தான். லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிடித்து அது பாலம் போடுகிறது. திசு அழுகாது, கிருமி சாகும், இது வேறு உயிரின் திசு என்று உடம்புக்கு அடையாளம் காட்டும் பகுதிகள் பெருமளவு மறையும்.

விலை என்ன என்றால், சுண்ணம் படிவது. திசுவுக்குள் இருந்த செல்கள் செத்துவிட்டன, அவற்றின் சவ்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உயிரோடு இருந்தால் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும் பம்ப் இப்போது இல்லை. கால்சியம் உள்ளே வந்து சவ்வின் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகும். மீதமிருக்கும் ஆல்டிஹைடு முனைகளும் இதைத் தூண்டும், புதுச் செல்கள் அங்கே குடியேறவும் விடாது. இதழ் விறைத்துக் கிழியும். இளம் வயதில் இது இன்னும் வேகம். நம் நாட்டில் சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போகிறவர்கள் நிறைய. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் திசு வால்வு வைத்தால் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மருந்து, கர்ப்ப காலத்தில் அது குழந்தைக்கு ஆபத்து. கொழுப்பை எத்தனால் கொண்டு கழுவி எடுப்பது, மிச்ச ஆல்டிஹைடு முனைகளை மூடுவது என்று வழிகள் வந்திருக்கின்றன, முழுத் தீர்வு இன்னும் இல்லை. தோலைப் புரிந்துகொண்ட நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் இதில் இறங்க வேண்டும் என்று நான் மனசாரச் சொல்கிறேன்.

இரத்தம் படும் கருவிக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

தேக்கம், வேகம், பரப்பு மூன்றையும். இரத்தம் தேங்கும் மூலையில் உறையும். மிக வேகமாக உரசினால் சிவப்பணு கிழியும், தட்டணு தூண்டப்படும். இதயம் நிமிடத்துக்கு 72 முறை என்றால் வருஷத்துக்குச் சுமார் 3.8 கோடி துடிப்பு, அதனால்தான் விறைப்பான வால்வை 40 கோடி முறை திறந்து மூடிச் சோதிக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்கு வைத்த வால்வில், சாயும் வட்டு பாலிஎத்திலீன், கூடு கோபால்ட்-குரோம் கலவை. எந்தப் பொருளை எந்தப் பொருளோடு உரச விடலாம் என்பதை யோசித்துச் செய்த வேலைக்கு அது நல்ல பாடம்.

அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டில் கதை வேறு. பலூன் விரிக்கும்போது குழாயின் உள்பூச்சுச் செல்கள் கிழிகின்றன, அடியிலுள்ள தசைச் செல்கள் பெருகி மறுபடி அடைக்கின்றன. அதைத் தடுக்கச் சிரோலிமஸ் மருந்து பூசினார்கள். அது செல் பிரிவதை நிறுத்தும். ஆனால் தசைச் செல்லை மட்டும் நிறுத்து என்று மருந்துக்குச் சொல்ல முடியாதே. உள்பூச்சுச் செல்கள் வந்து மூடுவதும் தாமதமாகும், வெறும் உலோகம் இரத்தத்தில் தெரிந்துகொண்டிருக்கும். அந்த நோயாளிகள் மாதக்கணக்கில் தட்டணுவை அடக்கும் இரண்டு மருந்துகள் சாப்பிடுவது அதனால்தான்.

தொற்று என்பது ஆபரேஷன் தியேட்டரின் பிரச்சினைதானே?

உங்கள் பிரச்சினையும்தான். 1957-ல் எலெக், கோனன் என்ற இருவர் மனிதத் தோலில் சோதித்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்க லட்சக்கணக்கான ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் வேண்டியிருந்தன. ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தால் சில நூறே போதுமாக இருந்தது. அந்நியப் பொருள் இருக்கும் இடத்தில் காவல் தளர்கிறது. கிருமி ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிப் பசை போட்டுக்கொண்டால் ஆன்டிபயாடிக் உள்ளே போய் வேலை செய்யாது, பல சமயம் கருவியை எடுப்பதே வழி. 1987-ல் ஆன்டனி கிரிஸ்டினா என்ற எலும்பு மருத்துவர் இதைப் பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என்றார். நம் செல் முதலில் வந்து மூடினால் கிருமிக்கு இடமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களில் நம் பக்கம் மெதுவாக ஓடுகிறது. ஆகவே ஆழமான இடுக்கு, இரத்தம் எட்டாத பொந்து, தேவையில்லாத மரை எதையும் வரையாதீர்கள்.

செல் சோதனையில் பாஸ் ஆனால் முடிந்ததா? ஃபெயில் ஆனால் பொருளை மாற்ற வேண்டுமா?

இரண்டுக்குமே இல்லை. வழக்கமான சோதனை, மருத்துவக் கருவிகளின் உயிரிணக்கத்துக்கான ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையின் ஐந்தாம் பகுதி. கருவியை 37 டிகிரியில் திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை எல்929 என்ற எலி நார்ச்செல் மேல் விடுவோம். செல்களின் உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நச்சு என்று கணக்கு. இதில் தேறியது என்றால் உடனே கொல்லும் எதுவும் கசியவில்லை என்று மட்டும் பொருள். தேய்மானம், விறைப்பு, அசைவு எதையும் அந்தத் தட்டு சொல்லாது.

ஃபெயில் ஆன ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வருஷம் முன்னால் ஒரு பட்டறையிலிருந்து டைட்டானியம் திருகுகள் வந்தன. மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நட்சத்திரம் போலப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் எல்லாம் உருண்டு மிதந்துகொண்டிருந்தன. பொருளின் சர்டிபிகேட்டில் குறையில்லை. அதே கம்பியிலிருந்து வெறும் வட்டை அறுத்து வைத்தோம், செல்கள் நன்றாக வளர்ந்தன. திருகின் தலையில் ஒரு பக்கம் மட்டும் திறந்த சின்ன மரைத் துளை இருந்தது. அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவும்போது அதில் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவில்லை, கட்டிங் ஆயில் உள்ளேயே தங்கிவிட்டது. பட்டறைக்காரர் சொன்னபடி கழுவித்தான் இருந்தார். கழுவ முடியாத துளையை வரைந்ததுதான் பிழை.

இன்னொரு மறைந்த எதிரி எண்டோடாக்சின். தொட்டித் தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியாவை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கொன்றுவிடும், அதன் சுவர்த் துண்டு அப்படியே ஒட்டியிருக்கும், மேக்ரோஃபேஜ் அதற்கே வெகுண்டெழும். வழக்கமான வரம்பு ஒரு கருவிக்கு 20 அலகு, மூளைத் தண்டுவட நீரைத் தொடும் கருவிக்கு 2.15. உலோகமென்றால் 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைத்து அழிக்கலாம். பிளாஸ்டிக்குக்கு அது முடியாது, அதனால் கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் ஒன்றே வழி.

ஸ்டெரிலைஸ் செய்வதைக் கடைசியில் யோசித்தால் போதுமா?

கூடாது. பாலிஎத்திலீனைக் காற்றில் வைத்துக் காமாக் கதிர் கொடுத்தால் உள்ளே எளிதில் வினைபுரியும் ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து, பொருள் வருஷக்கணக்கில் நொறுங்கும். ஒரு காலத்து மூட்டுகள் அப்படிக் கெட்டன. எத்திலீன் ஆக்சைடு வாயு பிளாஸ்டிக்கில் தங்கும், காற்றாட விட்டு வெளியேற்ற வேண்டும்.

3டி பிரின்ட்டில் பெரிய வலைப்பின்னல் செய்து செல் போட்டு வளர்த்தால் எலும்பே கிடைக்குமா?

செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும். உடம்பில் எந்தச் செல்லும் தந்துகி என்ற மிக மெல்லிய இரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரானுக்கு அப்பால் இருப்பது அரிது. ஒரு சென்டிமீட்டர் கட்டியின் நடுவில் போட்ட செல் இரத்தக்குழாய் வந்து சேர்வதற்கு முன்னால் செத்துவிடும். துளை ஒன்றோடொன்று திறந்து இணைந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். அப்புறம் உள்ளே சிக்கிய உருகாத பொடி. அது உதிர்ந்தால் மேலே சொன்ன துகள் கதை.

கரைந்து போகும் பொருள் நல்ல தீர்வில்லையா?

சில இடங்களில் அருமை. பாலிலாக்டிக் அமிலம் தண்ணீரால் அறுபட்டு லாக்டிக் அமிலமாகும். சிறு தையலில் அது இரத்தத்தோடு போய்விடும். தடித்த கட்டியில் நடுவே அமிலம் தேங்கி, கரைவதை அதுவே வேகப்படுத்தி, ஒரு நாள் மொத்தமாக வெளிவந்து கிருமியில்லாத வீக்கம் தரும். மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதற்கும் இடம் கணக்கிட வேண்டும்.

நான் செய்வது செயற்கைக் கால், செருப்பு. உள்ளே எதுவும் வைப்பதில்லை. எனக்கும் இது வேண்டுமா?

கட்டாயம் வேண்டும், அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கையும் காலும் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்று காட்டினார். வலி வந்தால் நாம் காலை மாற்றி வைப்போம். வலியில்லாதவர் அதே இடத்திலேயே மிதிப்பார். லேசான அழுத்தமானாலும் தந்துகியை மணிக்கணக்கில் மூடிவைத்தால் செல் சாகும். அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளை இங்கேயும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அதற்காகத்தான் பயன்படுத்தினார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்கும் இதே கணக்குதான். மிச்சக் காலைச் செருகும் உங்கள் சாக்கெட்டில் அதிகபட்ச அழுத்தத்தை மட்டும் அளக்காதீர்கள், எவ்வளவு நேரம் என்பதையும் எழுதுங்கள்.

சட்டப்படி என்ன?

2017 மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. உடம்புக்குள் தங்கும் கருவிகள் பெரும்பாலும் சி, டி. மனிதரிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு அடியும் எடுக்க முடியாது. செல் சோதனைத் தாள்கள் கோப்பில் முதல் நாளிலிருந்தே சேரட்டும்.

வேலூரில் இருந்தபடி இதை எங்கே கற்றுக்கொள்வது?

1961-லேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்த ஊர் இது. மருத்துவமனை ஊருக்குள், மூலச்செல் ஆய்வு மையம் பாகாயத்தில், பெரிய பொறியியல் பல்கலைக்கழகம் பாலாற்றுக்கு இந்தப் பக்கம் காட்பாடியில். நடுவில் ஒரு பஸ் தூரம். பொறியாளர் அந்த பஸ்ஸில் ஏறுவதுதான் குறைவு.

போனால், புது இம்ப்ளான்ட்டைப் பார்க்கக் கேட்காதீர்கள். உடம்பிலிருந்து எடுத்த பழையதைப் பார்க்க வேண்டும் என்று எலும்பு மருத்துவரிடம் முறைப்படி அனுமதி கேளுங்கள். அதைக் கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். எந்தப் பக்கம் எலும்பு ஒட்டி வந்திருக்கிறது, எந்தப் பக்கம் வெறும் நார், எங்கே கறுப்பாகத் துகள் படிந்திருக்கிறது என்று உங்கள் டிராயிங்கின் பிரதி ஒன்றில் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் திசு ஃபார்மலினில் நோயியல் துறைக்குப் போகும். ஸ்லைடு தயாரானதும் அங்கேயும் போய், அந்த இடத்தில் எந்தச் செல் உட்கார்ந்திருந்தது என்று கேளுங்கள். டிராயிங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.